வீட்டு நெட் சுற்றிக்கொண்டே நிற்கிறதா? அறிகுறி பார்த்து ரவுட்டரைச் சரிசெய்யும் வழி

சேலம் அம்மாபேட்டையில் எங்கள் தெருவில் பாதி வீட்டு ரவுட்டர் எனக்குப் பழக்கம். நெட் மெதுவானால் கூப்பிடுவார்கள், போய்ப் பார்ப்பேன். நான் போவதற்குள் இரண்டு காரியம் நடந்திருக்கும். ஒன்று, ரவுட்டரை நாலைந்து தடவை அணைத்துப் போட்டிருப்பார்கள். அது பரவாயில்லை, காசு செலவில்லை. இரண்டாவதுதான் எனக்கு மனசு ஆறாத விஷயம்: 100 எம்பிபிஎஸ் திட்டத்தை 200 ஆக்கியிருப்பார்கள். மாதாமாதம் கூடுதலாகக் கட்டியும் படுக்கையறையில் அதே 8 எம்பிபிஎஸ்தான் வரும். வேகம் குறைந்த இடம் ஹாலில் இருக்கும் ரவுட்டருக்கும் படுக்கையறையில் இருக்கும் போனுக்கும் நடுவில். அதற்கு வெளியே லைனை எவ்வளவு பெரிதாக்கி என்ன பயன்? தறி ஓட்டிச் சம்பாதித்த காசு அப்படிப் போகக் கூடாது என்றுதான் இதை உட்கார்ந்து எழுதுகிறேன்.

எந்த இடத்தில் வேகம் குறைகிறது என்று தெரிந்த பிறகு கை வையுங்கள். தெரிந்துகொள்ள அரை மணி நேரம் போதும்.

முதலில் மூன்று எண்கள்

ஒரு தாள் எடுத்துக்கொள்ளுங்கள். வேகம் அளக்கும் ஏதாவது ஒரு செயலி போதும். தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் வெளியிட்ட மைஸ்பீடும் இருக்கிறது. வீட்டில் மற்ற எல்லாருடைய போன், டிவி, கேமரா எல்லாவற்றையும் வைஃபையிலிருந்து விலக்கிவிட்டு மூன்று இடத்தில் அளக்க வேண்டும்.

முதல் எண்: மடிக்கணினியை லேன் கேபிளால் நேராக ரவுட்டரில் செருகி, மடிக்கணினியின் வைஃபையை அணைத்துவிட்டு அளந்தது. இரண்டாவது எண்: ரவுட்டரிலிருந்து ஆறேழு அடி தூரத்தில், நடுவில் எதுவும் மறைக்காமல், போனில் வைஃபை மூலம் அளந்தது. மூன்றாவது எண்: வழக்கமாக நெட் படுத்தும் அறையில் அதே போனால் அளந்தது. ஒவ்வொன்றையும் காலையில் ஒரு தடவை, இரவு 9 மணிவாக்கில் ஒரு தடவை எடுங்கள்.

மடிக்கணினியில் லேன் துளை இல்லையென்றால் பக்கத்து வீட்டில் பழையது ஒன்றைக் கேட்டு வாங்குங்கள். அந்த முதல் எண் இல்லாமல் இனிச் சொல்லப்போவது எல்லாமே ஊகம்தான்.

அளக்கும்போது ஒரு குழப்பத்தைத் தவிர்க்க வேண்டும். நிறுவனங்கள் சொல்லும் எம்பிபிஎஸ் என்பது நொடிக்கு இத்தனை மெகாபிட் என்ற கணக்கு. கோப்பு இறங்கும்போது திரையில் தெரிவது பெரும்பாலும் மெகாபைட் கணக்கு. 8 பிட் சேர்ந்தால் 1 பைட். ஆகவே 100 மெகாபிட் திட்டத்தில் கோப்பு நொடிக்கு 12 மெகாபைட் வேகத்தில் இறங்கினால் உங்கள் லைன் முழு ஆரோக்கியமாக இருக்கிறது என்று அர்த்தம். "நூறு சொல்லிட்டுப் பன்னெண்டுதாங்க குடுக்கறாங்க" என்று என்னிடம் வருத்தப்பட்டவர்கள் பலர். அவர்களுக்கு இதைச் சொன்னதோடு வேலை முடிந்தது.

இப்போது மூன்று எண்களையும் பாருங்கள். முதல் எண்ணே குறைவென்றால் லைன், லேன் கேபிள், ரவுட்டர் மூன்றில் ஒன்று. முதல் எண் நன்றாக இருந்து இரண்டாவது விழுந்தால் வைஃபை அமைப்பில் கோளாறு. இரண்டும் நன்றாக இருந்து மூன்றாவது மட்டும் விழுந்தால் ரவுட்டர் வைத்திருக்கும் இடம் தப்பு. நான் பார்த்த வீடுகளில் அதிகம் இந்தக் கடைசி வகைதான் என்பதால் அதிலிருந்தே தொடங்குகிறேன்.

அறிகுறி: ரவுட்டர் பக்கத்தில் நல்ல வேகம், அறைக்குள் போனால் இல்லை

ஏற்காட்டில் நாகலூர் போகும் வழியில் என் அத்தை வீடு. காபித் தோட்டத்துக்காரர்கள் அந்தக் காலத்தில் கட்டியது. கல்சுவர், ஒன்றரை அடிக்கு மேல் கனம். ஹாலில் 90 எம்பிபிஎஸ், சமையல்கட்டில் 3. "சமையல்கட்டுக்கு வந்தா பாப்பா முகம் அப்படியே நின்னு போயிருது கண்ணு" என்றார் அத்தை. பேத்தியைப் பார்த்துக்கொண்டே சமைக்க முடியவில்லை என்பது அவருக்குப் பெரிய குறை. ரவுட்டர் எங்கே என்று தேடினால், முன்னறையில் இரும்பு பீரோவுக்கும் சுவருக்கும் நடுவே, தரையில் உட்கார்ந்திருந்தது. ஃபைபர் இழுக்க வந்தவர் ஜன்னல் வழியாக ஓட்டை போட்டு, ஒயர் எட்டிய முதல் இடத்தில் வைத்துவிட்டுப் போயிருக்கிறார். நம் ஊர் வீடுகளில் ரவுட்டரின் இடத்தை முடிவு செய்வது பெரும்பாலும் ஒயரின் நீளம்தான்.

வைஃபை என்பது ரேடியோ அலை. 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் ஏறக்குறைய 12 சென்டிமீட்டர், 5 கிகாஹெர்ட்ஸில் அது 6 சென்டிமீட்டர். மரக்கதவு, மெல்லிய செங்கல் சுவர் வழியாக இவை ஓரளவு போகும். கல்சுவரும் கம்பி கட்டிய கான்கிரீட்டும் கடுமையாகக் குடித்துவிடும். 5 கிகாஹெர்ட்ஸ் இன்னும் சீக்கிரம் சோர்ந்துபோகும். இரும்பு பீரோவும் ஃபிரிட்ஜும் அலையை உள்ளே விடாமல் திருப்பி அடிக்கும். நிலைக்கண்ணாடிகூட, அதன் பின்பூச்சு உலோகம் என்பதால், அப்படித்தான். தண்ணீர் இந்த அலையை உறிஞ்சும். மாடிப்படி அறையில் தொட்டிக்கு அடியில் ரவுட்டர் வைத்த ஒரு வீட்டில் தொட்டிக்கு அந்தப் பக்கம் இருந்த அறைக்கு எதுவுமே போகவில்லை.

ஆகவே இடம் மாற்றுவதுதான் மருந்து. வீட்டின் நடுப்பகுதிக்குக் கொண்டு வாருங்கள். தலை உயரத்துக்குக் கொஞ்சம் மேலே, திறந்த இடத்தில், சுவரில் மாட்டுங்கள். டிவிக்குப் பின்னால், மூடிய ஷெல்ஃபுக்குள், பரண் மேல் சாமான்களுக்கு நடுவே எல்லாம் வேண்டாம். ஆன்டெனா இரண்டு இருந்தால் ஒன்றை நேராகவும் ஒன்றைச் சாய்த்தும் வையுங்கள். நேராக நிற்கும் ஆன்டெனா அலையைப் பக்கவாட்டில் பரப்பும், மேலும் கீழும் குறைவு. மாடி வீட்டுக்கு இது முக்கியம்.

ஃபைபர் ஒயரை நீங்களே இழுத்து நகர்த்தாதீர்கள். உள்ளே இருப்பது கண்ணாடி இழை. அதைவிட எளிது, ஃபைபர் பெட்டியை அங்கேயே விட்டுவிட்டு, அதிலிருந்து லேன் கேபிள் இழுத்து நடு ஹாலில் இன்னொரு ரவுட்டர் வைப்பது. லேன் கேபிள் 100 மீட்டர் வரை தாங்கும். நம் வீடுகளுக்கு அது தாராளம்.

அத்தை வீட்டில் அதைத்தான் செய்தேன். பீரோவுக்குப் பின்னாலிருந்து பெட்டியை எடுத்துச் சுவரில் மாட்டியதிலேயே சமையல்கட்டில் 3 என்பது 11 ஆனது. மிச்சத்துக்குக் கல்சுவரை எதிர்த்துப் போராடிப் பயனில்லை. கதவு நிலையின் ஓரமாக லேன் கேபிள் ஓட்டி, சும்மா கிடந்த பழைய ரவுட்டர் ஒன்றைச் சாப்பாட்டு அறையில் வைத்தேன். முறை இதுதான்: பழைய ரவுட்டரில் ஆக்சஸ் பாயிண்ட் என்ற அமைப்பு இருந்தால் அதைத் தேர்ந்தெடுங்கள். இல்லையென்றால் அதன் முகவரியை 192.168.1.2 என்பதுபோல் முதல் ரவுட்டரிலிருந்து வேறாக மாற்றி, அதில் சாதனங்களுக்கு முகவரி கொடுக்கும் டிஎச்சிபி என்பதை அணைத்து, வெளி லைனுக்கான வான் (WAN) துளையை விட்டுவிட்டு லேன் துளையில் கேபிளைச் செருகுங்கள். வைஃபை பெயரும் கடவுச்சொல்லும் முதல் ரவுட்டரில் உள்ளதே இருக்கட்டும். போன் தானாக அருகில் இருப்பதைப் பிடித்துக்கொள்ளும். இப்போது அத்தை அடுப்படியிலிருந்தே பேத்தியோடு பேசுகிறார்.

கேபிள் இழுக்க வழியே இல்லாத வீட்டில் ரிப்பீட்டர் வாங்குகிறார்கள். அது ஒரே அலைவரிசையில் வாங்கி அதே அலைவரிசையில் திருப்பிச் சொல்கிற வகை என்றால் வேகம் ஏறக்குறைய பாதியாகும். அதையும் சிக்னல் செத்த அறைக்குள் கொண்டுபோய் வைத்தால் செத்த சிக்னலைத்தான் பரப்பும். பாதி வழியில், ரவுட்டரின் சிக்னல் இன்னும் நன்றாகக் கிடைக்கும் இடத்தில் வையுங்கள்.

அறிகுறி: கம்பியில் முழு வேகம், ரவுட்டர் எதிரிலேயே வைஃபை குறைவு

போனில் எந்த அலைவரிசையில் இணைந்திருக்கிறீர்கள் என்று பாருங்கள். பழைய போன்கள் பல 2.4 கிகாஹெர்ட்ஸ் மட்டும் அறிந்தவை. ஒரே ஆன்டெனா கொண்ட அப்படிப்பட்ட போனுக்கு, 20 மெகாஹெர்ட்ஸ் அகலத்தில், காகிதக் கணக்கில் கிடைப்பதே 72 எம்பிபிஎஸ்தான். கையில் வருவது 40 சொச்சம். 200 எம்பிபிஎஸ் திட்டம் போட்டு அந்தப் போனில் அளந்து பார்த்துக் கோபப்பட வேண்டாம்.

புதுப் போனாக இருந்தும் 2.4இல் ஒட்டிக்கொண்டிருந்தால், உலாவியில் திறக்கும் ரவுட்டர் பக்கத்துக்குள் போய் இரண்டு அலைவரிசைக்கும் தனித்தனிப் பெயர் வையுங்கள். ஹாலில் இருக்கும் டிவியும் மடிக்கணினியும் 5இல் சேரட்டும். தூரத்து அறைக்கும் கேமராவுக்கும் 2.4 போதும். ரவுட்டர் பக்கம் என்பது உலாவியில் 192.168.1.1 அல்லது 192.168.0.1 என்று அடித்தால் வருவது. சரியான முகவரியும் கடவுச்சொல்லும் பெட்டியின் அடியில் ஒட்டிய சீட்டில் இருக்கும்.

அடுத்தது நெரிசல். குகை, அம்மாபேட்டை, செவ்வாய்ப்பேட்டை மாதிரி சுவரோடு சுவர் ஒட்டிய தெருக்களில் போனைத் திறந்தால் இருபது வைஃபை பெயர் தெரியும். 2.4இல் சானல் 13 வரை இருந்தாலும் ஒன்றின் மேல் ஒன்று ஏறாதவை 1, 6, 11 மூன்றுதான். சானலுக்குச் சானல் இடைவெளி 5 மெகாஹெர்ட்ஸ், ஒவ்வொரு ரவுட்டரும் பிடிக்கும் அகலம் 20. அதனால் 3, 4, 8 என்று நடுவில் போய் உட்கார்ந்தால் இரண்டு பக்கத்து வீட்டுக்காரர்களுக்கும் தொந்தரவு, உங்களுக்கும் தொந்தரவு. வைஃபை அனலைசர் வகைச் செயலி ஒன்றைப் போட்டு, 1, 6, 11இல் எதில் கூட்டம் குறைவு, எதில் உள்ள சிக்னல் பலவீனம் என்று பார்த்து அதை வையுங்கள். அகலம் 40 என்று இருந்தால் 20 ஆக்குங்கள். நெரிசலான தெருவில் 40 போட்டால் வேகம் கூடாது, மோதல்தான் கூடும். முடிந்தால் பக்கத்து வீட்டாரிடமும் பேசி ஆளுக்கொரு சானல் பிரித்துக்கொள்ளுங்கள். எங்கள் வரிசையில் ஆறு வீடு அப்படிச் செய்தோம். ஒரு சாயங்காலம் ஆனது, ஆறு வீட்டுக்கும் நல்லது நடந்தது.

பாதுகாப்பு அமைப்பையும் ஒரு பார்வை பாருங்கள். டிகேஐபி (TKIP) என்றோ வெப் (WEP) என்றோ பழைய முறை தேர்வாகியிருந்தால் வேகம் 54 எம்பிபிஎஸ்க்கு மேல் ஏறாது. டபிள்யுபிஏ2, ஏஇஎஸ் என்று மாற்றுங்கள். பாதுகாப்பும் கூடும்.

சமையல் நேரத்தில் மட்டும் 2.4 தடுமாறினால் மைக்ரோவேவ் அடுப்பைச் சந்தேகியுங்கள். அதுவும் 2.45 கிகாஹெர்ட்ஸில்தான் ஓடுகிறது.

அறிகுறி: கம்பியில் 94, 95க்கு மேல் ஏறவே ஏறாது

200 அல்லது 300 திட்டம். கம்பியில் எப்போது அளந்தாலும் 94. ஏற்ற இறக்கமே கிடையாது. இந்த எண்ணைப் பார்த்தால் எனக்கு நிம்மதியாக இருக்கும், ஏனென்றால் காரணம் உறுதி: நடுவில் எங்கோ இணைப்பு 100 எம்பிபிஎஸ் என்று பூட்டிக்கொண்டது. தகவல் பொட்டலங்களின் மேல் எழுதும் முகவரி முதலிய தலைப்புகளின் சுமை போக மிஞ்சுவதுதான் அந்த 94.

லேன் கேபிளுக்குள் எட்டு இழை, நான்கு ஜோடி. 100 எம்பிபிஎஸ்க்கு 1, 2, 3, 6 என்ற நான்கு இழை போதும். கிகாபிட்டுக்கு எட்டும் வேண்டும். எலி கடித்தோ, கதவில் நசுங்கியோ, நுனியில் சரியாகப் பதியாமலோ மிச்ச நான்கில் ஒரே ஒரு இழை விட்டுப்போனாலும் இரண்டு முனையும் பேசிக்கொண்டு 100க்கு இறங்கிவிடும். நெட் வேலை செய்துகொண்டே இருக்கும் என்பதால் யாருக்கும் சந்தேகம் வராது. கேட் 5இ அல்லது கேட் 6 கேபிள் ஒன்றை மாற்றிப் பாருங்கள். அப்படியும் 94 என்றால் பெட்டியின் துளையோ மடிக்கணினியின் துளையோ 100 எம்பிபிஎஸ் வகை. விலை குறைந்த ரவுட்டர்களில் இன்னும் அப்படித்தான் வருகிறது. சில ஃபைபர் பெட்டிகளில் ஒரு துளை மட்டும் கிகாபிட், மற்றவை 100. கேபிளை வேறு துளைக்கு மாற்றிப் பார்த்துவிட்டு முடிவுக்கு வாருங்கள்.

இந்த இடத்தில்தான் புது ரவுட்டர் வாங்குவதில் நியாயம் இருக்கிறது.

அறிகுறி: கம்பியிலேயே குறைவு, எண்ணும் மாறிக்கொண்டே இருக்கிறது

மாத ஆரம்பத்தில் சரியாக இருந்து 20 தேதிக்கு மேல் ஒரேயடியாகப் படுத்துவிட்டால், திட்டத்தின் டேட்டா அளவு தீர்ந்திருக்கும். வரம்பற்றது என்று விற்றாலும் ஓர் அளவுக்கு மேல் வேகத்தைக் குறைப்பது வழக்கம். செயலியில் பயன்பாட்டைப் பாருங்கள். காலையில் சரி, இரவு 8 முதல் 11 வரை மட்டும் மோசம் என்றால் ஆபரேட்டர் தரப்பில் நெரிசல். அதற்கு ரவுட்டரில் மருந்து இல்லை.

நேரம் காலம் இல்லாமல் விழுந்தால் ஃபைபரைப் பாருங்கள். பெட்டியில் பான் (PON) விளக்கு பச்சையாக நிலைத்து நிற்க வேண்டும். லாஸ் (LOS) விளக்கு சிவப்பாக மின்னினால் ஒளியே வரவில்லை. இரண்டுக்கும் நடுவே ஒரு நிலை உண்டு: ஒளி வருகிறது, ஆனால் பலவீனம். ரவுட்டர் பக்கத்தில் ஆப்டிகல் பவர் என்ற இடத்தில் மைனஸ் போட்டு ஓர் எண் இருக்கும். மைனஸுக்குப் பின்னால் எண் பெரிதாகப் பெரிதாக ஒளி குறைவு. மைனஸ் 20ஐ ஒட்டி இருந்தால் கவலை இல்லை. மைனஸ் 27ஐ நெருங்கினால் பெட்டி பிடிக்கும் எல்லையில் நிற்கிறது, விட்டு விட்டுத்தான் வரும்.

வீட்டுக்குள் நீங்கள் பார்க்கக் கூடியது ஒயரின் வளைவை மட்டும்தான். ஆணியில் சுற்றி இறுக்கியிருக்கிறதா, பீரோ காலடியில் நசுங்கியிருக்கிறதா என்று பாருங்கள். கண்ணாடி இழையைக் கூர்மையாக மடித்தால் ஒளி வளைவில் கசிந்துவிடும். பெரிய வட்டமாக, ஒரு தோசைக்கல் அளவுக்குத் தளர்வாகச் சுற்றி விடுங்கள். செருகியைக் கழற்றி நுனியைக் கண்ணுக்கு நேரே பிடித்துப் பார்க்காதீர்கள். அதில் வரும் ஒளி கண்ணுக்குத் தெரியாதது. தெரியவில்லை என்பதற்காகத் தீங்கில்லாதது ஆகிவிடாது. பிள்ளைகளையும் தள்ளி நிற்கச் சொல்லுங்கள்.

மலையில் வெளி ஒயருக்கு வேறு ஆபத்துகளும் உண்டு. காற்றில் சில்வர் ஓக் கிளை முறிந்து ஒயர் மேல் தொங்கும், குரங்கு பிடித்துத் தாவும். ஏற்காட்டில் சிக்னல் படிப்படியாகக் குறைந்துகொண்டே வந்தால் கம்பத்திலிருந்து வீடு வரை ஒருமுறை நடந்து பார்த்து, எங்கே தொங்குகிறது என்று போனில் படம் எடுத்து வையுங்கள். லைன்மேன் வரும்போது பாதி நேரம் மிச்சம். ஃபைபர் வராத எஸ்டேட் வீடுகளில் சிம் போட்ட ரவுட்டர் வைத்திருப்பார்கள். அங்கே மழைக்கால வேகக் குறைவுக்கு நனைந்த இலைகள் ஒரு காரணம். அந்த ரவுட்டரை டவர் இருக்கும் திசையின் ஜன்னலுக்கு மாற்றினாலே வித்தியாசம் தெரியும்.

அறிகுறி: மத்தியானம் படுக்கிறது, அல்லது தானே அணைந்து எழுகிறது

பல வீட்டு ரவுட்டர்களின் பெட்டியில் 0 முதல் 40 டிகிரி வரை இயங்கும் என்று போட்டிருக்கும். ஏப்ரல், மே மாதச் சேலத்தில் வெளியிலேயே 40ஐத் தொடும். ஓட்டு வீட்டில், மூடிய டிவி ஷெல்ஃபுக்குள், செட் டாப் பாக்ஸ் மேலே உட்கார்ந்திருக்கும் ரவுட்டருக்கு எவ்வளவு சூடு இருக்கும் என்று யோசியுங்கள். சூடு ஏறினால் உள்ளே இருக்கும் சிப் தன் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும், இல்லையென்றால் நின்றுபோய் மறுபடி எழும். தூசி படக் கூடாது என்று துணி போட்டு மூடுகிறார்கள். அக்கறைதான், ஆனால் காற்று போகாது. துணியை எடுத்துவிடுங்கள். காற்றுத் துளைகளை வாரம் ஒருமுறை காய்ந்த பிரஷ்ஷால் தட்டிவிட்டால் போதும்.

தானே அணைந்து எழுகிறதா என்று உறுதி செய்ய ரவுட்டர் பக்கத்தில் அப்டைம் என்ற எண்ணைப் பாருங்கள். நேற்று இரவு முதல் யாரும் தொடாத ரவுட்டர், காலை 9 மணிக்கு 'இயங்கும் நேரம் 20 நிமிடம்' என்று காட்டினால் அது நடுவில் ஒருமுறை விழுந்து எழுந்திருக்கிறது.

எங்கள் வீட்டிலேயே இது நடந்தது. தினமும் காலையில் பின்புறத் தறிக்கூடத்தில் மோட்டார் போட்டதும் நெட் போகும், மூன்று நிமிடம் கழித்து வரும். விசைத்தறி மோட்டார் கிளம்பும் நொடியில் வழக்கத்தைவிடப் பல மடங்கு கரண்ட் இழுக்கும்; வோல்டேஜ் சட்டென இறங்கும். பழி தறி மேல் விழுந்தது. ஆனால் அடாப்டரைத் திருப்பிப் பார்த்தால் 100 முதல் 240 வோல்ட் வரை தாங்கும் என்று அச்சடித்திருந்தது. அந்த அளவுக்கு இறங்கினால் விளக்கே மங்கியிருக்கும். அப்படியானால் அடாப்டர்தான் கிழடு தட்டிவிட்டது. உள்ளே இருக்கும் கெப்பாசிட்டர் வெயிலில் காய்ந்து பலம் போனதும், சின்ன இறக்கத்தைக்கூடத் தாங்க முடியாமல் ரவுட்டரைக் கைவிட்டிருக்கிறது. 12 வோல்ட், 1 ஆம்பியர் புது அடாப்டர் போட்டேன். தறி ஓடுகிறது, நெட்டும் ஓடுகிறது.

அடாப்டர் மாற்றும்போது வோல்ட் அச்சுப் பிசகாமல் அதே எண்ணாக இருக்க வேண்டும். ஆம்பியர் அதே அளவு அல்லது கூடுதலாக இருக்கலாம், குறையக் கூடாது. முள்ளின் நடுப்பகுதி பிளஸ்ஸா மைனஸா என்று காட்டும் சின்னப் படமும் ஒத்துப்போக வேண்டும். பழைய ரவுட்டரைக் கையோடு எடுத்துக்கொண்டு போய் வாங்குங்கள்.

கரண்ட் அடிக்கடி போகும் பகுதியில் ரவுட்டருக்கென்றே வரும் 12 வோல்ட் மினி யுபிஎஸ் நல்ல முதலீடு. ஆன்லைன் தேர்வு எழுதும் பிள்ளை இருக்கும் வீட்டில் இதை நான் வற்புறுத்தியே சொல்வேன்.

அறிகுறி: ஒருவர் வீடியோ ஏற்றினால் வீடே நின்றுபோகிறது

வேகம் அளந்தால் எண் நன்றாக இருக்கும். ஆனால் யாராவது கல்யாண வீடியோவை மேகத்தில், அதாவது இணையச் சேமிப்பில், ஏற்றத் தொடங்கினால் மற்றவர்களின் அழைப்பு திக்கும், பக்கம் திறக்காது. ஏற்றும் பாதை நிரம்பியதும் ரவுட்டர் பொட்டலங்களைத் தூக்கி எறியாமல் நீண்ட வரிசையில் நிறுத்திவைக்கிறது. உங்கள் பேச்சும் அந்த வரிசையின் கடைசியில் போய் நிற்க வேண்டியதாகிறது. ஜிம் கெட்டிஸ் என்ற பொறியாளர் 2010 வாக்கில் தன் சொந்த வீட்டு நெட்டில் இதைத் துருவிப் பார்த்து, பஃபர்புளோட் என்ற பெயரை உலகறியச் செய்தார்.

நீங்களும் சோதிக்கலாம். கணினியில் கமாண்ட் பிராம்ப்ட் திறந்து பிங் கட்டளையோடு 8.8.8.8 கொடுத்துப் பாருங்கள். சும்மா இருக்கும்போது 20, 30 மில்லிசெகண்ட் காட்டுவது, ஏற்றம் நடக்கும்போது 500, 1000 என்று ஏறினால் இதுதான் நோய். ரவுட்டரில் க்யூஓஎஸ் அல்லது ஸ்மார்ட் க்யூ என்ற அமைப்பு இருந்தால், ஏற்றும் வேகத்துக்கு உச்சவரம்பாக நீங்கள் அளந்த எண்ணில் 85, 90 சதவீதம் வையுங்கள். கொஞ்சம் வேகம் விட்டுக்கொடுத்தால் வரிசை ரவுட்டருக்குள்ளேயே கட்டுப்பாட்டில் இருக்கும். அந்த வசதி இல்லாத ரவுட்டரா? போனில் புகைப்படக் காப்பு எடுப்பதை இரவு எல்லாரும் தூங்கிய பிறகு ஓடவிடுங்கள். நாள் முழுக்க மேகத்துக்குப் படம் அனுப்பும் கண்காணிப்பு கேமராவையும் மறந்துவிடாதீர்கள்.

அதே பிங் கட்டளையை 8.8.8.8க்குப் பதில் ரவுட்டர் முகவரிக்குக் கொடுத்தால் இன்னொரு உண்மை தெரியும். வைஃபையில் இருந்தபடி 192.168.1.1க்கு ஒற்றை இலக்க மில்லிசெகண்ட் வர வேண்டும். அதுவே நூற்றுக்கணக்கில் குதித்தால் கோளாறு வீட்டுக்குள்தான். நிறுவனத்தைத் திட்ட வேண்டாம்.

சின்ன அறிகுறிகள்

பக்கம் திறக்கவே தாமதம், திறந்த பிறகு வீடியோ தங்குதடையில்லாமல் ஓடுகிறது என்றால் கோளாறு டிஎன்எஸ், அதாவது இணையப் பெயரை எண் முகவரியாக மாற்றித் தரும் சேவையில். ரவுட்டரில் 1.1.1.1 அல்லது 8.8.8.8 வைத்துப் பாருங்கள்.

ஒரே ஒரு சாதனத்தில் மட்டும் மெதுவென்றால் ரவுட்டரைத் தொடாதீர்கள். அந்தப் போனில் விபிஎன் ஓடுகிறதா, பேட்டரி சேமிப்பு போட்டிருக்கிறதா, பின்னால் ஏதாவது இறங்கிக்கொண்டிருக்கிறதா என்று பாருங்கள். வைஃபை பெயரை மறக்கச் செய்து மறுபடி சேருங்கள்.

தெரியாத பெயர்கள் ரவுட்டர் பட்டியலில் இருந்தால் கடவுச்சொல்லை மாற்றுங்கள். ரவுட்டர் பக்கத்துக்குள் நுழையும் கடவுச்சொல் இன்னும் அட்மின் என்றே இருந்தால் அதையும்.

இடி மின்னலுக்குப் பிறகு லேன் துளை ஒன்று மட்டும் செத்துப்போவது ஏற்காட்டில் சகஜம். கண்ணாடி இழையில் மின்சாரம் ஓடாது. ஆனால் கரண்ட் ஒயரிலும், வீட்டுக்கு வீடு வெளியே இழுத்த லேன் கேபிளிலும், ஃபைபரைத் தாங்கச் சேர்த்திருக்கும் இரும்புக் கம்பியிலும் ஓடும். கோடை மழைக்கு முன் வானம் கறுத்ததுமே அடாப்டரையும் வெளியிலிருந்து வரும் லேன் கேபிளையும் பிடுங்கி வையுங்கள். இடி தொடங்கிய பிறகு அந்த ஒயர்களைத் தொடாதீர்கள்.

குச்சி வைத்து அழுத்துவதற்கு முன்

ரவுட்டரின் பின்னால் சின்ன ஓட்டை, உள்ளே ரீசெட் பொத்தான். யாரோ ஒருவர் வீடியோவில் சொன்னார் என்று அழுத்திவிட்டு என்னைக் கூப்பிடுகிறார்கள். அணைத்துப் போடுவது வேறு, இது வேறு. ரீசெட் செய்தால் நிறுவனம் உள்ளே பதித்துவைத்த பயனர் பெயர், கடவுச்சொல், விலான் எண் எல்லாம் அழிந்து நெட் முற்றிலும் நின்றுவிடலாம். ஆள் வந்து மறுபடி பதிய இரண்டு மூன்று நாள்கூட ஆகும். அதற்கு முன் ரவுட்டர் பக்கத்தில் வான் அமைப்பு முழுவதையும் போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். பயனர் பெயரும் கடவுச்சொல்லும் என்னவென்று நிறுவனத்திடம் கேட்டு எழுதி வையுங்கள். இரண்டும் கையில் இல்லையென்றால் அழுத்தாதீர்கள்.

ஆபரேட்டரைக் கூப்பிடும்போது

"நெட் ஸ்லோவா இருக்குங்க" என்றால் "ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க" என்றுதான் பதில் வரும். "கம்பியில் காலை 96, இரவு 14, ஆப்டிகல் பவர் மைனஸ் 27, கேபிள் மாற்றிப் பார்த்தாச்சு, ரவுட்டர் அப்டைம் ஆறு நாள்" என்று சொல்லிப் பாருங்கள். மறுமுனையில் இருப்பவர் நேராக லைன்மேனுக்குத் தள்ளிவிடுவார். நீங்கள் எழுதிய தாள் இங்கேதான் வேலைக்கு வருகிறது. புகார் எண்ணைக் கேட்டு அதே தாளில் எழுதுங்கள். ஒவ்வொரு புகாருக்கும் எண் தர வேண்டியது அவர்கள் கடமை. சொன்ன நாளில் சரியாகவில்லை என்றால் அந்த எண்ணை வைத்து அதே நிறுவனத்தின் மேல்முறையீட்டு அதிகாரிக்கு எழுதலாம், அதற்குக் கட்டணம் கிடையாது. லைன்மேன் வந்து சரிசெய்ததும், அவர் வண்டியைக் கிளப்புவதற்கு முன் அவர் எதிரிலேயே கம்பியில் இன்னொருமுறை அளந்து, அந்த எண்ணையும் தேதி போட்டுக் குறித்துக்கொள்ளுங்கள்.